பாக்கெட் கிழித்த சத்தம்

நூம்பல்
16.06.2024

அன்புத் தங்கச்சி ஜோதிகாவுக்கு,

அக்கா கவிப்பிரியா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும், அண்ணனூரில் அம்மாவும் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல்தான் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பதினைந்து நாளாக உனக்கு ஃபோன் போடுகிறேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. ஃபோன் வெளிச்சம் உன் கண்ணுக்கு ஆகாது, வாட்ஸ்அப்பில் எழுதிப் பயனில்லை. பேப்பர் என்றால் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாவது படித்துவிடுவாய். அதனால் கருப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பெரிது பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் மாமா பார்த்துவிட்டு, "இன்னா, கடைக்கு போர்டு எய்தறியா?" என்று கேட்டார்.

தாலுகா ஆபீஸ் பிடித்திருக்கிறதா? நம் வீட்டில் சர்க்கார் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நீ. நைனா, தான் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ரயில் ஷெட்டில் கழுவும் ஆட்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கன்னம் எப்படி இருக்கிறது? பொருக்கு உதிர்ந்ததா? நீயாக உரிக்காதே. உன் தோலில் வெயிலைத் தடுக்கும் நிறமே இல்லை. பிறவியிலேயே இல்லாததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெளியே தலை காட்டாதே. ஜிங்க் போட்ட சன்ஸ்கிரீன் அனுப்புகிறேன், அதைத் தவிர முகத்தில் வேறெதையும் தடவாதே.

பூந்தமல்லி மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிறகு பேச்சே இல்லை. விடு. அம்மாவின் கோபம் மட்டும் இறங்கவில்லை. "கண்டதையும் வாங்கி மூஞ்சில குத்திகினா, பாக்க வர்றவன் இன்னா பண்ணுவான்?" என்கிறாள். நான் சமாதானம் சொல்லிவைக்கிறேன்.

பசி எடுக்கிறதா? உடம்பு அசதியாக இருக்கிறதா? கூட இருக்கும் பெண் யாரையாவது உன் கண்ணைப் பார்க்கச் சொல், வெள்ளையாக இருக்கிறதா மஞ்சளாக இருக்கிறதா என்று. மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதற்காகத்தான் கேட்கிறேன்.

பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
உன் அக்கா
கவிப்பிரியா


கோத்தகிரி
02.07.2024

அக்காவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். உன் எழுத்தைப் படிக்க முடிந்தது.

ஃபோன் எடுக்காததற்குக் காரணம் வெளிச்சம் இல்லை. உன் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதும்போது நிறுத்தி நிறுத்தி எழுதலாம்.

என்னைப் பதிவறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் சின்னது, அதனால் கண் கூசவில்லை. பட்டா கேட்டு வருகிறவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள், பிறகு இமையை, பிறகு கன்னத்தை. ஒரு பெரியவர் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். "தமிழ்லயே சொல்லுங்க, நான் ஆவடிப் பக்கம்" என்றதும் அவருக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

பொருக்கு உதிர்ந்துவிட்டது. இடது கன்னத்தில் வரிசை வரிசையாகச் சிவப்புக் கோடு நிற்கிறது, தண்டவாளம் மாதிரி. குளிர் பட்டால் இன்னும் சிவக்கிறது.

அம்மாவிடம் சமாதானம் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். என்ன சமாதானம் சொல்கிறாய்? ஆஸ்பத்திரியில் டாக்டர், "யார் செஞ்சது இது?" என்று கேட்டபோது, "அவளே ஆன்லைன்ல ஊசி ரோலர் வாங்கி வீட்ல செஞ்சுகிட்டா டாக்டர்" என்று நீதான் சொன்னாய். நான் முகம் வீங்கி, காய்ச்சலோடு படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் பார்லரில், உன் நாற்காலியில், உன் ஊசி மெஷினால் நீ குத்தியது என்று நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. சமாதானம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கண் வெள்ளையாகத்தான் இருக்கிறதாம்.

ஜோதிகா


நூம்பல்
21.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சௌக்கியம் என்று உன் கையாலேயே எழுதிப் பார்த்ததில் பாதி உயிர் வந்தது.

நீ எழுதியது எல்லாம் சரி. நான் மறுக்கவில்லை. டாக்டர் கேட்ட வேகத்தில் எனக்குப் போர்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கடை திறந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நீயும் பேசாமல் இருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று சில சமயம் நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் தப்புதான்.

உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் அதைச் செய்யவில்லை, அதை மட்டும் நம்பு. முகத்தில் ஊசி வைக்கக் கற்றுக்கொள்ள அம்பத்தூரில் இரண்டு நாள் வகுப்பு போனேனே, அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா, "கருப்பா இருந்தா தழும்பு கருத்துடும்னு பயப்படணும். வெள்ளத் தோலுக்கு இன்னா பயம், தைரியமா ஆழமா போடு" என்றாள். உன்னைவிட வெள்ளை யார் இருக்கிறார்கள்? சின்ன வயதில் அம்மை போட்ட குழி மூன்று நான்கு, அதைச் சரி செய்துவிட்டால் பெண் பார்க்க வரும்போது நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். நான்தான் உட்காரவைத்தேன்.

அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து முகத்தைக் காட்டு. அப்படியே ஒரு தரம் ரத்தமும் கொடுத்துப் பார்த்துவிடேன். சத்து குறைவாக இருக்கலாம். எல்லா டெஸ்டும் எடுக்கச் சொல். கேட்டால் எடுப்பார்கள்.

சாப்பாடு பிடிக்கிறதா? வாந்தி, குமட்டல் ஏதாவது உண்டா? சாயங்காலமானால் காய்ச்சல் மாதிரி இருக்கிறதா? ஒன்று விடாமல் எழுது.

கவலையோடு,
அக்கா


கோத்தகிரி
18.08.2024

அக்காவுக்கு,

எனக்குச் சுகக்குறைவு எதுவும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் இங்கே ஒரு தோல் டாக்டர் வருகிறார். ஐம்பது வயதுப் பெண்மணி. போய்க் காட்டினேன். அக்கா செய்தாள் என்று உண்மையையே சொன்னேன். அவருக்கு உன்னைத் தெரியப்போவதில்லை.

விளக்கைத் திருப்பிவைத்து, பூதக்கண்ணாடியால் முகம், காது, கழுத்து, கை எல்லாம் பார்த்தார். அரை மணி நேரம். "உங்க அக்கா ஊசி வெக்கறதுக்கு முந்தி இப்படிப் பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"உங்களை மாதிரி நிறமி இல்லாத தோல்ல வெயில் எங்க கெடுத்திருக்குன்னு மொதல்ல பார்க்கணும். சொரசொரப்பா ஒரு திட்டு, ஆறாத ஒரு சின்னப் புண்ணு இருந்தாலும் அதுமேல ஊசி வெக்கக்கூடாது. எவ்வளவு ஆழம் வெச்சாங்க?"

"ஒன்றரை மில்லிமீட்டர்னு சொன்னாங்க."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அந்த ஆழமெல்லாம் டாக்டர் செய்யறது. வெள்ளைத் தோலுக்குக் கருப்புத் தழும்பு வராது, அது மட்டும் நிஜம். ஆனா சிவப்பு நாள்கணக்குல எறங்காது, கொஞ்சம் வெயில் பட்டாலும் வெந்துரும். முடிச்சப்புறம் என்ன தடவுனாங்க?"

வைட்டமின் சி சீரம் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "தொளை போட்ட தோல்ல அதெல்லாம் உள்ள போயிரும்மா. ரெண்டு நாளைக்கு வெறும் தண்ணி, வாசனை இல்லாத க்ரீம், வீட்டுக்குள்ள இருட்டு. அவ்வளவுதான் வேணும்." பிறகு நான் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று கேட்டார். உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அண்ணனூர் வரை என்றதும், அதை அவர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

சிவப்பு ஒரு வருஷத்துக்குள் மங்கும், கோடு இருக்கும் என்றார். மேகமாக இருக்கிறது என்று தொப்பி இல்லாமல் நடக்கக்கூடாதாம், மலையில் வெயில் இன்னும் கடுமையாம்.

கடைசியாக ஒன்று கேட்டார். "ஊசி புதுசா?"

புதுசுதான் என்றேன். என் கண்மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தாய், எதுவும் தெரியவில்லை. ஆனால் காதுக்குப் பக்கத்தில் பாக்கெட் கிழித்த சத்தம் கேட்டது. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

கிழித்தாய்தானே?

ஜோதிகா


நூம்பல்
22.09.2024

அன்பான ஜோதிகாவுக்கு,

இங்கே அனைவரும் நல்லபடியாக இருக்கிறோம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தப்பாக நினைக்காதே. ஆவணியில் முகூர்த்தம் அதிகம், மணப்பெண் அலங்காரத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் நின்றே பரிமாற வேண்டியிருக்கிறதே. தைலம் வாங்கிக் கொடுத்தேன். நைனாவுக்கு ஷெட்டில் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள், தொளதொளவென்று இருக்கிறது, அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். உன் மாமா வேலை செய்யும் குடோனைச் செம்பரம்பாக்கம் பக்கம் மாற்றிவிட்டார்கள், காலையில் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. வேலப்பன்சாவடி சந்திப்பில் மறுபடியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கடை வாசலெல்லாம் புழுதி.

இத்துடன் அகலமான தொப்பி ஒன்று, முழுக்கை உறை இரண்டு ஜோடி, சன்ஸ்கிரீன் மூன்று டியூப் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போட வேண்டும், காலையில் போட்டதோடு விட்டுவிடாதே. காதுமடலிலும் கழுத்துப் பின்னாலும் போட மறக்காதே.

டாக்டர் சொன்னதை எல்லாம் படித்தேன். நாலு தரம் படித்தேன்.

ரத்தம் கொடுத்தாயா? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. சாப்பாடு இறங்குகிறதா? சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா? வலதுபக்கம் விலா எலும்புக்குக் கீழே வலி உண்டா? கண்?

உன் அக்கா


கோத்தகிரி
01.10.2024

அக்காவுக்கு,

தொப்பி வந்தது. அளவு சரி.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு நீ அம்மாவின் முட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

உன் மூன்று கடிதங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் கண், வாந்தி, சிறுநீர் என்றே கேட்கிறாய். கன்னத்தில் ஊசி குத்துப்பட்டவளிடம் எதற்கு விலாவைப் பற்றிக் கேட்கிறாய்? என் உடம்பில் என்ன இருக்கிறது என்று உனக்கு பயம்?

நேராக எழுது.

ஜோதிகா


நூம்பல்
14.10.2024

ஜோதிகாவுக்கு,

நாங்கள் நலமா என்று நீ கேட்கவில்லை. கேட்காததும் சரிதான்.

கிழித்தது பஞ்சு பாக்கெட்.

மே மாதம் ஐந்தாம் தேதி காலையில் டிராயரைத் திறந்தேன். மெஷின் முனையில் மாட்டும் ஊசித்தலை டப்பா காலி. புதிது வர இரண்டு நாள் ஆகும் என்று கூரியரில் சொன்னார்கள். நீ அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாய், முகத்தில் மரத்துப்போகும் க்ரீமும் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் சிவப்பு இறங்க வேண்டும், இன்று விட்டால் நாளில்லை என்று கணக்குப் போட்டேன். இன்னொன்றும் இருந்தது. உன் முகத்தில் செய்ததற்கு முன், செய்ததற்குப் பின் என்று இரண்டு ஃபோட்டோ எடுத்துக் கடைப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஆசை. வெள்ளை முகத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்று நினைத்தேன்.

முதல் நாள் சனிக்கிழமை சுரேகா என்று ஒரு பெண்ணுக்குச் செய்திருந்தேன். பின்தெரு, புது அபார்ட்மென்ட். அவளுக்குப் போட்ட ஊசித்தலை இன்னும் குப்பைக்குப் போகாமல் தட்டில் கிடந்தது. அதை எடுத்து ஸ்பிரிட்டில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். அது போதும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவில்லை. போதாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் முதல் நாள் முதல் பாடமே அதுதான். ஒருவர் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவருக்கு ஆகாது, மஞ்சள் காமாலை வரும், எய்ட்ஸ்கூட வரலாம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவர்கள் கண்முன்னால் புதிது பிரித்திருக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. உனக்கு மட்டும்தான் பழசு. நீ தங்கச்சிதானே, ஒன்றும் கேட்க மாட்டாய் என்று.

உன் கண்ணில் பஞ்சு இருந்தது. கையில் பஞ்சு பாக்கெட் இருந்தது. அதை உன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கிழித்தேன். அந்தச் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கிழித்தேன், ஜோதிகா. அதற்கு மட்டும் என்னிடம் ஒரு சாக்கும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாரே, அன்றே சொல்லியிருந்தால் அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள், தடுப்பு ஊசி போட்டிருப்பார்கள். நீயே உன் ரோலரால் குத்திக்கொண்டாய் என்று நான் சொன்னதால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தப் பொய் கடையைக் காப்பாற்றியது என்று நீ நினைத்திருப்பாய். அது உனக்கு வர வேண்டிய மருந்தையும் தடுத்தது.

தயவுசெய்து போய் ரத்தம் கொடு. மஞ்சள் காமாலை பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் பார்க்கச் சொல். நான் எழுதிய இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டு.

கவிப்பிரியா


நூம்பல்
29.10.2024

ஜோதிகாவுக்கு,

உன் பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் ஒரு வரி போடு. வேண்டாம் என்றால் வெறும் கவரையாவது அனுப்பு.

நேற்று அந்தச் சுரேகா வீட்டுக்குப் போனேன். அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டால் உனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உன் தங்கச்சிக்கு என்னோடது போட்ட. அப்ப எனக்குப் போட்டது யாரோடது?"

"சத்தியமா புதுசுங்க. உங்க எதிர்லதான பிரிச்சேன்."

"எதிர்ல பிரிச்சா மாதிரி சத்தம் போடத் தெரியும்னு நீயே இப்பதான சொன்ன?"

ரத்தம் கொடுக்க முடியாது, இனி இந்தப் பக்கம் வராதே என்று கதவைச் சாத்திவிட்டாள். சாயங்காலத்துக்குள் அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிட்டாளாம். இன்று ஒருத்தரும் வரவில்லை. தீபாவளி வாரத்தில் கடை காலியாக இருக்கிறது. அவள்மேல் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மெஷினை உன் மாமாவிடம் கொடுத்து உடைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அவருக்கும் இப்போதுதான் தெரியும். சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அதன்பிறகு என்னோடு சாப்பிட உட்காரவில்லை. கடைக் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறேன்: இங்கே முகத்தில் ஊசி வைக்கப்படாது, தோல் டாக்டரிடம் போகவும் என்று.

அங்கே வரட்டுமா? வராதே என்றால் வரமாட்டேன்.

கவிப்பிரியா


கோத்தகிரி
14.11.2024

அக்காவுக்கு,

இருக்கிறேன். வர வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். மதியம் வரை பட்டா நகல் எழுதினேன். பிறகு பாத்ரூமில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூட வேலை செய்யும் அம்மா வந்து கதவைத் தட்டினார்.

டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஆறு மாதம் முடியப்போகிறது, முடிந்ததும் எடுத்தால் ஒரே தரத்தில் தெரிந்துவிடும் என்றார். ஆறாம் தேதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனி அறையில் ஒரு பெண் உட்காரவைத்து, "எதனால இந்த டெஸ்ட் எடுக்கறீங்க, பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டாள். ஊசி என்றேன். எந்த மாதிரி ஊசி என்றாள். முக அழகுக்குப் போட்டது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைப் பார்த்தாள். எங்கே போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்டது.

எல்லா முடிவும் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் உனக்கு என்னென்ன ஆக வேண்டும் என்று நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். நினைத்தேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

மூன்றிலும் ஒன்றும் இல்லை. இனிமேல் திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை என்றார் டாக்டர். காமாலைத் தடுப்பூசி முதல் தவணை அன்றே போட்டார். பாக்கெட்டை என் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் பிரித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

நீ எல்லாவற்றையும் எனக்கு எழுதினாய். சுரேகாவிடம் சொன்னாய், மாமாவிடம் சொன்னாய். சொல்ல வேண்டிய இடம் அண்ணனூரில் இருக்கிறது. அங்கே இன்னும் நான்தான் குற்றவாளி. நான் சொல்ல மாட்டேன். உன் வாயால்தான் அம்மாவிடம் சொன்னாய், உன் வாயால்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஜோதிகா


அண்ணனூர்
08.12.2024

ஜோதிகாவுக்கு,

நீ சுகம் என்ற வரியை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். இன்று காலையில் அண்ணனூர் வந்தேன். இந்தக் கடிதத்தை அம்மா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைனா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் எழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. மெஷின், பழைய ஊசி, பஞ்சு பாக்கெட், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், உன் ரத்த டெஸ்ட், எல்லாம். நைனா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கீரையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். "டாக்டர் கேக்க சொல்லோ நானும் அங்கதான நின்னுகினு இருந்தேன். அவ ஒண்ணும் பேசல. பேசாத கெடந்தவளத்தான் ஏழு மாசமா திட்டிகினு கீறேன்."

பிறகு, "பேப்பர் எடு. நான் சொல்றத எய்து. ஒரு எய்த்து மாத்தாத" என்றாள். கீழே இருப்பது அம்மா சொல்லி நான் எழுதியது.

*ஜோதி, அம்மா பேசறேன். உடம்பு நல்லா கீதா. உன்னப் பத்தி பக்கத்து ஊட்ல சொன்னேன், கேன்டீன்ல சொன்னேன், வேண்டாத வேல பண்ணி கல்யாணத்த கெடுத்துகினான்னு. வாய் ஓயாம சொன்னேன். நீ வேலைக்குக் கெளம்புன அன்னிக்கு சோறு கட்டிக் குடுக்கல. நீ பொறந்தப்ப வந்து பாத்தவங்க எல்லாம் ஒரு மாரி பாத்தாங்க. நான்தான் வெயில் படாத துணில சுத்தி வளத்தேன்னு எனக்கு ஒரு பெருமை இருந்துச்சி. அந்தப் பெருமைல, உன்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல. நீயா பண்ணன்னு கேட்டிருக்கணும். கேக்கல. உங்கக்கா பண்ணத நீ அவகிட்ட பேசிக்கோ. நான் பண்ணது வேற. அதுக்கு நான்தான் மாப்பு கேக்கணும். கேக்கறேன்.*

இதன்பிறகு ஒரு வரி சொன்னாள். நான் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத்தான் தெரியாது, பேனா ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும். "அத்த எய்தலியா?" என்றாள். எழுதுகிறேன்.

*இவ மூஞ்சிய எனக்கு இப்ப பாக்க முடியல. ஆனா இவளயும் நான்தான பெத்தேன், எங்க போயி தொலைக்கறது.*

இனி நான் எழுத ஒன்றும் இல்லை.

கவிப்பிரியா


கோத்தகிரி
22.12.2024

அம்மாவுக்கும் நைனாவுக்கும் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அக்கா, இதை நீயே அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே.

அம்மா, நீ மாப்பு கேட்டது வந்து சேர்ந்தது. நான் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காமல் படுத்திருந்தது அக்காவின் கடைக்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. பள்ளிக்கூட நாளிலிருந்து என் கையைப் பிடித்து ரோடு தாண்டவைத்தவள் அக்கா. கரும்பலகையைப் படித்து என் நோட்டில் எழுதிக்கொடுத்தவள். நான் எப்போதும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அன்று அவள் பொய் சொன்னபோது, இவள் இனிமேல் எனக்குக் கீழே என்று ஒரு நினைப்பு வந்தது. காய்ச்சலிலும் அது சுகமாக இருந்தது. அதை விட மனமில்லாமல்தான் பேசாமல் இருந்தேன். நீ ஏழு மாதம் வீணாகத் திட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நீ மட்டும் அழாதே.

பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. ஜனவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்ட்ரலில் இறங்கி லோக்கல் பிடிப்பேன். அண்ணனூர் வந்துசேர ஏழரை ஆகும்.

இனி அக்காவுக்கு. இதையும் அம்மா கேட்கும்படியே படி.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நமக்குள் இன்னொரு பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வரும்போது வரும். வராமலும் போகலாம்.

நான் கிளம்பிய அன்று ரயிலில் ஏற்றிவிட வந்தாய். என் பையைப் பார்த்தாய், டிக்கெட்டைப் பார்த்தாய், எதிர் பிளாட்ஃபாரத்தைப் பார்த்தாய். என் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கண் மங்கல்தான். ஆனால் எதிரே நிற்கிறவர் என்னைப் பார்க்கிறாரா இல்லையா என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து எல்லோரும் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. துப்பட்டா போட்டு மூடாமல் இறங்குவேன். என் முகத்தைப் பார். வலது கன்னம், இடது கன்னம், எல்லாம் முழுசாகப் பார். ஒன்றும் சொல்ல வேண்டாம். பார்த்து முடித்த பிறகு ஒரு பையை நீ வாங்கிக்கொள். இரண்டு பை கொண்டுவருகிறேன், இரண்டையும் என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

ஜோதிகா